எல்லா ஊட்டுக்கும் ஒரு கட்டம்

அந்த அக்கா எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று மரியாதைக்கு ஒரு பிஸ்கெட்டை நீட்டினேன். வாங்கினார். திருப்பித் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தார். பாக்கெட்டைக் கேட்டு வாங்கி அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தை எல்லாம் படித்தார். பிறகு, "நீங்க முதல்ல தின்னுங்க கண்ணு" என்றார். தின்றேன். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, அதற்கப்புறம்தான் அவர் கடித்தார்.

போத்தனூர் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கடை. இப்போது அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள். பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்வது, பள்ளிக்கூடங்களுக்கு ஐடி கார்டு அடிப்பது, பெட்ஷீட் வியாபாரிகளுக்குக் கேட்டலாக் போடுவது, இவைதான் தொழில். நான் அங்கே டெக்னிக்கல் ஹெட். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. கம்ப்யூட்டர் நின்றுபோனால் சுவிட்சை அணைத்து மறுபடி போடத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் கிடைத்த பட்டம். அக்காவுக்குச் செக்கிங் வேலை. அதற்கு முன்னால் ஏதோ மில்லில் நூல் கோன்களைக் குறை பார்த்துத் தள்ளும் இடத்தில் இருந்தாராம். அங்கே கோன்களைச் சந்தேகப்பட்டவர் இங்கே எங்களைச் சந்தேகப்பட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சுந்தராபுரத்திலிருந்து வரும்போது பஸ் போத்தனூர் போகுமா என்று கண்டக்டரைக் கேட்பார். போகும் என்பார் கண்டக்டர். அடுத்து ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கேட்பார். பிறகு டிரைவரை. அதற்கப்புறமும் சன்னலோரம் உட்கார்ந்து, வழியில் வருகிற கடைகளை எல்லாம் பார்த்துக்கொண்டே வருவார், ஒருவேளை மூன்று பேரும் பேசிவைத்திருந்தால்? இத்தனைக்கும் தினமும் அதே பஸ், அதே கண்டக்டர். "அக்கா, மழை வருது" என்று நான் சொன்னால் "இருக்கலாமுங்க" என்று சன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். கை நனைந்த பிறகும் மேல்மாடியில் யாராவது தண்ணி ஊற்றுகிறார்களா என்று ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்.

என்னைச் சாதாரணமாகத் 'தம்பி' என்பார். 'கண்ணு' என்று கூப்பிட்டால் என்னிடம் ஏதோ குற்றம் கண்டுபிடித்திருக்கிறார் என்று பொருள். ஒரு நாளைக்குப் பல தடவை நான் கண்ணு ஆனேன்.

சந்தேகம் தொற்றும் போலிருக்கிறது. கொஞ்ச நாளில் நானும் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்த்தான் பேசுவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போவார். ஒருநாள் அவர் பையில் புதுத் துடைப்பம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் பித்தளைக் குழாய் ஒன்று. நான் ஓனரிடம் போய், அக்கா நமக்குப் போட்டியாக ஸ்டுடியோ ஆரம்பிக்கப் போகிறார் என்று ரகசியமாகச் சொன்னேன். ஓனர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தொடப்பத்தை வெச்சா?" என்றார்.

அக்கா வீடு பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் அவ்வளவுதான்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதுவரை சுந்தராபுரத்தில் தன் தம்பி வீட்டில் இருந்தார். தம்பி சம்சாரமும் மோசமில்லை, தம்பி மகள் அத்தை இல்லாமல் சோறு தின்னமாட்டாள். பிறகு எதற்குத் தனி வீடு என்று நானே ஒருமுறை கேட்டுவிட்டேன். "துணி காயப்போடறதுக்கு அங்க எனக்குக் கொடி இருக்குதுங்க தம்பி. ஒரு ஆணி அடிக்கறதுக்குச் செவுருதான் இல்ல" என்றார். ஐம்பது வயதுக்குமேல் அக்கா தனியாகப் போனால் ஊர் தன்னைத்தான் பேசும் என்று தம்பிக்குக் கோபம். பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர்கள் தனியாக வரும் பெண்ணைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். இவர் வீட்டுக்காரர்களை அதைவிடச் சந்தேகமாகப் பார்த்தார். இரண்டு சந்தேகம் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் எந்த வீடு படியும்? கடைசியில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இடம் கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் அக்காவைவிடப் பெரிய சந்தேகப் பேர்வழி. பார்த்த உடனே இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது.

வீடு கிடைத்தது. ஆனால் அது வீடு என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவருடைய வட்டாரத்துப் பங்குக் கோவிலில் வீடுகளைத் தெருவாரியாகக் கொத்துக் கொத்தாகப் பிரித்து அன்பியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்பியத்தில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் முறை வைத்து ஜெபக் கூட்டம் நடக்கும். பாய் விரிப்பார்கள், பாடுவார்கள், சுண்டல் கொடுப்பார்கள். தன் வீட்டுக்கும் ஒரு முறை வேண்டும் என்று அக்கா அன்பியத் தலைவரிடம் கேட்டார். அவர் ரொம்பப் பணிவாக, "உங்க பேரு தம்பி குடும்பத்துலயே இருக்குதுங்களே அம்மணி, ஒண்டி ஆளுக்குத் தனியா எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் 'முடியாது' என்பதை இதைவிட இனிப்பாகச் சொல்ல ஆளில்லை. முறை சுற்றி வந்தது. அக்கா வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது.

அந்தச் சமயத்தில்தான் கடைக்குச் சாஃப்ட்வேர் வந்தது.

ஒரு பெரிய படத்தை அதன் வாயில் கொடுத்தால், அதற்குள் இருக்கும் சின்னப் படங்களை எல்லாம் தானே கண்டுபிடித்து, தனித்தனியாக வெட்டி, கோணலை நிமிர்த்தி, ஒரே அளவாக்கி, நாம் கொடுத்த பட்டியலிலிருந்து பெயரும் வைத்து வரிசையாக அடுக்கிவிடும். எத்தனை படமானாலும் ஒரே அமுக்கு. முன்பெல்லாம் ஒரு ஆல்பத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன். இப்போது கீழே பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் முடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். நான்தான் அதைக் கண்டுபிடித்தவன் மாதிரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஓனர் பார்த்துவிட்டு, "அட, இனி செக்கிங்குக்கே ஆளு வேண்டாம் போல இருக்குதே" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், வெட்டின மிச்சத்தை இது எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது என்று. மிச்சம் என்று ஒன்றும் கிடையாது என்று விளக்கினேன். எனக்குப் பதில் தெரியாதபோது நான் விளக்கம்தான் கொடுப்பேன்.

சாஃப்ட்வேரின் முதல் பெரிய சாதனை சென்னிமலையில். பெட்ஷீட் வியாபாரி ஒருவர், கொடியில் வரிசையாகப் போட்ட பெட்ஷீட்டுகளைப் பெரிய பெரிய படங்களாக எடுத்து அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பெட்ஷீட்டையும் தனிப் படமாக்க வேண்டும். அமுக்கினேன். டீ குடிக்கப் போனேன். கட்டம்போட்ட டிசைன் என்பது எனக்குத் தெரியும்; சாஃப்ட்வேருக்கு யாரும் சொல்லவில்லை. அது ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு படமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விலையும் போட்டு அடுக்கியிருந்தது. அக்கா அதை முழுக்கச் செக் செய்தார். ஆனால் அவருடைய சந்தேகம் வேறு பக்கம் போய்விட்டது. பெட்ஷீட் என்று சொல்லிக் கைக்குட்டையை அனுப்பி வியாபாரி நம்மை ஏமாற்றுகிறார் என்று முடிவு செய்து, அதைக் கண்டுபிடித்த திருப்தியோடு பாஸ் செய்துவிட்டார். வியாபாரி போன் செய்தார். "தம்பி, நாங்க பெட்ஷீட்டுங்க போடறோம். கர்ச்சீப் இல்லீங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டாவது சாதனையில் அக்காவுக்கும் பங்கு உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தின் ஐடி கார்டு வேலை. சாஃப்ட்வேருக்கும் எனக்கும் கண் இருக்கிறதா என்று சோதிப்பதற்காக, பிள்ளைகளின் போட்டோக்களுக்கு நடுவில் தன்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார். நான் கவனிக்கிறேனா என்று பார்த்துவிட்டு அவரே எடுத்துவிடுவதாகத் திட்டம். நான் கவனிக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து அவர் வீட்டு வாடகை கொடுக்கப் போய்விட்டார். ஏழாம் வகுப்பு பி பிரிவில், கண்ணாடி போட்ட, காதோரம் நரைத்த ஒரு மாணவிக்கு ஐடி கார்டு அச்சாகிப் போய்விட்டது. ரத்தப் பிரிவு உட்பட. ஹெட்மிஸ்ட்ரஸ் போன் செய்து, இந்த அம்மணி எப்போது அட்மிஷன் போட்டார் என்று கேட்டார். ஓனர் அக்காவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இந்த மாதிரி எதையாவது செருகினால் அதோடு சரி என்று சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் அக்காவின் கோவில் வேலையே எங்களிடம் வந்தது. பங்கில் இருக்கிற எல்லாக் குடும்பத்துக்கும் போட்டோவோடு ஒரு புத்தகம். பக்கத்துக்கு இத்தனை கட்டம், கட்டத்துக்கு ஒரு குடும்பம், கீழே பெயர். திருவிழா அன்று வெளியிட வேண்டும். இது தப்பில்லாமல் முடிந்தால் மற்ற பங்குகளும் வரும், அப்புறம் செக்கிங்குக்கு ஆள் தேவையில்லை என்று ஓனர் இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னார். அந்தச் சம்பளம் நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் அக்கா மறுபடியும் சுந்தராபுரம்தான், அந்தக் கொடிதான்.

ஆகவே சாஃப்ட்வேர் சொதப்ப வேண்டும் என்று ஆசைப்பட இந்த உலகத்தில் காரணம் உள்ள ஒரே ஆள் அக்கா. நான் ராத்திரி பகலாக யோசித்துக் கண்டுபிடித்தது இது. அவர் மவுஸைத் தொட்டாலே நான் எழுந்து போய்ப் பின்னால் நின்றேன். நான் நிற்பதைப் பார்த்து, நான் எதையோ மறைக்கிறேன் என்று அவர் என் கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஒருவர் முதுகை ஒருவர் காவல் காத்துக்கொண்டு இரண்டு பேரும் சம்பளம் வாங்கினோம்.

ஒவ்வொரு அன்பியமும் தங்கள் வீட்டுப் போட்டோக்களை ஒரு சார்ட் பேப்பரில் ஒட்டிக் கொடுத்தது. ஓரமெல்லாம் மினுக்கு பேனாவில் பூ, மேலே புறா. கூடவே வீடுகளின் பட்டியல், ஒட்டின அதே வரிசையில். சார்ட்டை மேலிருந்து படம் எடுத்தேன். நடுநடுவே ஒட்டியிருந்த ரோஜாப்பூ ஸ்டிக்கர்களை மட்டும் முன்கூட்டியே உரித்துவிட்டேன். பெட்ஷீட் கற்றுக்கொடுத்த அறிவு. அமுக்கினேன்.

அச்சுக்கு முன்னால் ஜனங்கள் சரிபார்க்கட்டும் என்று, வந்த பக்கங்களை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் ஹாலில் மாட்டினோம். ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆன ஒருவர் தன் பெயரைத் தேடிப் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். பெயர் அவருடையது. மேலே இருந்த போட்டோவில் சந்தனமாலை போட்ட ஒரு பெரியவர். அவர் இறந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ரிட்டையர் ஆனவர் என்னிடம் வந்து, குரலைக்கூட உயர்த்தாமல் கேட்டார்:

"ஏனுங்க, நா செத்துப்போயிட்டனுங்களா? ஊட்டுல ஒருத்தரும் சொல்லவே இல்லீங்களே."

அந்தக் கட்டத்திலிருந்து ஆரம்பித்து எல்லாப் பெயரும் ஒரு வீடு தள்ளிப் போயிருந்தது. இவர் பெயரில் அவர் பெண்டாட்டி பிள்ளைகள், அவர் பெயரில் வேறு யாரோ. ஹால் முழுக்க ஒரே சலசலப்பு. எங்கள் பக்கம் சண்டைகூட 'ங்க' போட்டுத்தான் நடக்கும்.

ஓனர் நேராக அக்காவிடம் போனார். ஒரு போட்டோ கூடுதலாக வந்திருக்கிறது என்றால் யாரோ செருகியிருக்கிறார்கள், செருகுகிற பழக்கம் இந்தக் கடையில் யாருக்கு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும் என்றார். அக்கா, "நா வைக்கலீங்க" என்றார். ஊரையே நம்பாத ஒருவரை ஊர் எப்படி நம்பும்? நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார். பிறகு, "அந்தப் பெரியவரு யாருன்னாவது பாருங்க. செத்துப்போன சொந்தக்காரங்களை எல்லாம் பையில போட்டுக்கிட்டா சுத்தறேன்?" என்றார்.

கடைக்கு வந்து சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். அப்பா இறந்துபோன ஒரு குடும்பம். எல்லோரும் நிற்கிற போட்டோவின் மேல் மூலையில், வெள்ளை ஓரம் விட்டு, அப்பாவின் படத்தைச் சின்னதாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். நம் ஊரில் யார்தான் செய்யவில்லை? இறந்துபோனால் குடும்பப் போட்டோவிலிருந்து விட்டுவிட முடியுமா? ஆனால் சாஃப்ட்வேருக்கு வெள்ளை ஓரம் தெரிந்தால் தனிப் படம், தனிப் படம் என்றால் தனிக் குடும்பம். அந்தப் பெரியவரை மூலையிலிருந்து உரித்தெடுத்துத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டது.

அதற்கு மருந்து என்னிடம் இருந்தது. சாஃப்ட்வேரில் ஒரு இடம் உண்டு. இந்த அகலத்துக்குக் கீழே இருப்பதைப் படமாக எடுக்காதே, தூசி, பசைக்கறை என்று நினைத்துத் தள்ளிவிடு என்று அங்கே சொல்லிவைக்கலாம். சொன்னேன். எல்லாச் சார்ட்டையும் மறுபடி ஓடவிட்டேன். இறந்தவர்கள் எல்லோரும் தத்தம் மூலைக்குத் திரும்பிப் போனார்கள். படமும் பட்டியலும் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன. ஓனர் என் தோளைத் தட்டினார். அக்காவிடம், திருவிழா வரைக்கும் வாங்க, அப்புறம் பார்க்கலாம் என்றார். அதன் பொருள் மூன்று பேருக்கும் புரிந்தது.

அக்கா கடைசியாக ஒருமுறை செக் செய்ய உட்கார்ந்தார். பக்கம் பக்கமாகப் பார்த்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"ஒண்ணு குறையுதுங்க கண்ணு."

பட்டியலைக் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறதே என்றேன். பட்டியலில் குறையவில்லை, படத்தில் குறைகிறது என்றார். எது என்று கேட்டேன். "நீங்களே பாருங்க" என்றார். வேலை போகப்போகிறது, கடைசி நிமிஷத்தில் எதையாவது கிளப்பிவிட்டு இங்கேயே உட்காரப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. சரி, இவருடைய பொய்யை இவர் கண்ணுக்கு முன்னாலேயே உடைத்துக் காட்டுவோம் என்று அவர் பெயர் இருக்கும் தம்பி வீட்டு அன்பியத்துச் சார்ட்டின் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன்.

கடைசி வரிசையில் அவர் தம்பி குடும்பம். கோவில் வாசலில் எடுத்த போட்டோ. தம்பி, தம்பி சம்சாரம், ஓரத்தில் பட்டுப்பாவாடையில் தம்பி மகள். அந்தக் குழந்தையின் ஒரு கை பக்கவாட்டில் நீண்டு, போட்டோவின் விளிம்போடு மணிக்கட்டில் முடிந்துபோயிருந்தது. விளிம்பு நேராக இல்லை. கத்தரிக்கோல் போன தடம். அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, ரிப்பன் மாதிரி ஒல்லியாக ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அந்தத் துண்டில் அக்கா நின்றுகொண்டிருந்தார். மாம்பழ நிறப் புடவை. அவர் முந்தானையை ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. கை மட்டும்.

சாஃப்ட்வேர் அந்தத் துண்டைப் பார்த்திருக்கிறது. முதல் தடவை அது கடைசியில் பெயரில்லாமல் நின்றதை அந்தச் சலசலப்பில் யாரும் பார்க்கவில்லை. இந்தத் தடவை அகலம் போதவில்லை. தூசி என்று தள்ளிவிட்டது. தள்ளச் சொன்னது நான்.

தம்பி சம்சாரத்தின் மேல்தான் எனக்கு முதலில் சந்தேகம் போனது. யார் வெட்டியது என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாந்தானுங்க" என்றார். "சார்ட்டைக் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லி எங்கிட்டத்தான் குடுத்தாங்க. எல்லா ஊட்டுக்கும் ஒரு கட்டம் வருதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? எனக்கும் ஒண்ணு வரட்டும்னு வெட்டி ஒட்டிப்போட்டேன்." பிறகு திரைக்குக் கிட்டக் குனிந்து, "கத்திரி கோணலாப் போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

அதற்குள் ஓனர் வந்து பின்னால் நின்றிருந்தார். கடைசியில் செருகினது நீங்கள்தானே என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பட்டியலில் பெயர் இல்லாமல் போட முடியாதே என்றார், வருத்தமாகவே. ஃபாதரைக் கேட்டுப் பார்க்கலாம் என்றேன் நான். எனக்கு எங்கிருந்து அந்த வீரம் வந்தது என்று தெரியவில்லை. ஃபாதர் வீட்டில் கேக் கொடுப்பார்கள் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அக்காவும் நானும் போனோம். ஃபாதர் நல்ல மனுஷர். பொறுமையாகக் கேட்டார். அன்பியத் தலைவர் சொன்னதையே அவரும் இன்னும் அழகான தமிழில் சொன்னார். குடும்பம் என்றால் நாலு பேர் சேர்ந்திருப்பது, நீங்கள் தம்பி குடும்பத்தின் விளக்கு, விளக்கைத் தனியாக எடுத்து வைத்தால் வீடு இருட்டாகிவிடாதா என்றார். அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து புத்தகத்தின் முதல் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். அது ஃபாதரின் பக்கம். வெள்ளை அங்கியில் அவர் மட்டும் நிற்கிறார்.

"நீங்களும் ஒண்டியாத்தானுங்க ஃபாதர் இருக்கீங்க. உங்களுக்கு முழுப் பக்கம் குடுத்திருக்குதுங்களே. நா ஒரு கட்டந்தானுங்க கேக்கறேன்."

ஃபாதர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துரத்துவதற்குள் முடித்துவிடலாம் என்று நான் கேக்கை வேகமாகத் தின்றேன். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, பேனாவை எடுத்துப் பட்டியலில் தம்பி குடும்பத்துக்குக் கீழே அக்காவின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். அன்பியத் தலைவரிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். அக்கா அந்தத் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கையெழுத்து போட்டிருக்கிறாரா என்று பார்த்தார். போடவில்லை. போட வைத்தார்.

கடைக்குத் திரும்பியதும் நான் என் பெருந்தன்மையைக் காட்டினேன். அந்த ஒல்லித் துண்டு எதற்கு, வெள்ளைத் திரைக்கு முன்னால் நிறுத்திப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார், நான் எடுத்தால் முகத்துக்கு மாவு பூசிவிடுவேனாம். சரி, அந்தக் கையையாவது அழித்துவிடலாம், நம் சாஃப்ட்வேருக்கு அது ஒரு அமுக்கு, முந்தானை மடிப்பைக்கூட அதுவே வரைந்துகொள்ளும் என்றேன். அமுக்கப் போன என் விரலை அவர் மவுஸிலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

"அது கெடக்கட்டுமுங்க தம்பி."

கட்டம் அகலம், துண்டு ஒல்லி. இரண்டு பக்கமும் வெள்ளை இடம் விட்டு நடுவில் வைத்தேன். அதைச் சாஃப்ட்வேர் செய்யவில்லை, நான் கையால் செய்தேன். நாலைந்து தடவை செய்து பார்த்தபிறகுதான் நேராக வந்தது. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, இடது பக்கம் கூடுதலாக இருக்கிறது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓனர் அவரை நிறுத்தவில்லை. இறந்தவரைக் குடும்பஸ்தராக்கி, உயிரோடு இருப்பவரைத் தூசி என்று தள்ளின ஒரு சாமானை ஆள் பார்க்காமல் விட அவருக்கே பயமாகிவிட்டது.

திருவிழா அன்று காலைப் பூசைக்குப் பிறகு புத்தகத்தைக் கொடுத்தார்கள். எல்லோரும் அவரவர் கட்டத்தைத் தேடிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார்கள். ரயில்வேக்காரர் தான் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு எனக்குக் கை கொடுத்தார். அக்கா கொஞ்சம் தள்ளி, புத்தகத்தைத் திறக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய தம்பி பக்கத்தைக் கண்டுபிடித்தது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் கை நின்றுவிட்டது. தம்பி சம்சாரம் எட்டிப் பார்த்தார். வெட்டின விளிம்பு அவர்கள் கட்டத்திலும் தெரியத்தான் செய்தது. இதோ இங்கேயே, இத்தனை ஜனத்துக்கு நடுவிலேயே ஏதோ நடக்கப்போகிறது என்று நான் மெதுவாக ஐஸ் வண்டிப் பக்கம் நகர ஆரம்பித்தேன்.

குழந்தை அப்பாவின் கையைக் கீழே இழுத்துப் படத்தைப் பார்த்தாள். தன் கட்டத்தில் விரலை வைத்தாள். விரல் அடுத்த கட்டத்துக்குப் போனது. மறுபடி தன் கட்டத்துக்கு வந்தது. புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து அக்காவிடம் காட்டினாள்.

"அத்தே, என்ற கையி உன்ற ஊட்டுல இருக்குது."

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். குழந்தையின் கையைப் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். கையிலிருந்த சின்ன வளையலைக்கூட விடவில்லை. அது அவளுடைய கைதான் என்று அவருக்குத் திருப்தி ஆகிற வரைக்கும் குழந்தை பொறுமையாக நின்றது; பழக்கம் போலிருக்கிறது.

தம்பி பின்னாலேயே வந்து நின்றிருந்தார். புத்தகத்தையும் அக்காவையும் பார்க்காமல், மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அவர் அக்காவிடம் பேசி மாசக்கணக்காகியிருந்தது.

"ஊடு எந்தச் சந்துலீங்க்கா?"

அக்கா நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்குக் கேக்கறே?" என்றார்.

கேட்டுவிட்டு, பேக்கரியிலிருந்து ஆரம்பித்து, குவார்ட்டர்ஸ் கேட், தண்ணித் தொட்டி, மூன்றாவது கதவு என்று ஒவ்வொரு திருப்பமாக வழியும் சொன்னார். தம்பி சரியாகக் கேட்டுக்கொண்டாரா என்று ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.